இருபத்தைந்து நாள் மாத்திரை

திருக்காட்டுப்பள்ளி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா எழுதச் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெரால்டும் பேரன் எல்வினும் பூண்டி மாதா கிருபையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகளே. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் இருக்கும் தஹ்மீனா என்கிற பிள்ளை இதை எழுதுகிறது. எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து உன் நம்பருக்கு அனுப்பும். போனில் சொல்லலாம்தான், ஆனால் வீட்டு போன் எப்போதும் அம்மா கையில் இருக்கிறது, நீ பேசுவதைச் சத்தமாக வைத்துத்தான் கேட்கிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது.

மார்ச் மாதம் அம்மா வயிற்றுக்குள் டியூப் விட்டுச் சதை எடுத்தார்களே, அப்போது தஞ்சாவூர் டாக்டர் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது புற்றுதான், ஆனா கிருமியால வந்தது, கிருமி செத்தா கட்டியும் கரையும், ஆனா சில பேருக்குக் கட்டிக்குள்ள ஜீன் இடம் மாறி ஒட்டிக்கிட்டிருக்கும், அவங்களுக்கு மாத்திரை கேக்காது, அதை முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம் என்றார். விதைக்குமுன் நூறு நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்ப்போமே, அது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அந்த ஒட்டு இல்லை, பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கரைகிற வகை என்று ரிசல்ட் வந்ததும் நீ போனில் அழுதாய். நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளையே அழுகிறதே, நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நானும் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இப்போது போன புதன்கிழமை மறுபடி டியூப் விட்டுப் பார்த்ததில் கட்டி அப்படியே இருக்கிறது, கிருமியும் இருக்கிறது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, மாத்திரை ஒழுங்காக் குடுத்தீங்களா அய்யா என்று கேட்டார். ஒண்ணுகூட மிச்சம் வைக்கலைங்க என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பொய்தான். நல்ல ரிசல்ட் வந்தும் கேக்கலையே, இனி இதை நம்பிக் காத்திருக்க முடியாது, ரேடியேஷன் கரண்ட் வைக்கிறதைப் பத்திப் பேசலாம், திங்கக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்தது பதினாலு நாளுக்கு, காலையும் இரவும் மூன்று மூன்று மாத்திரை. மூணாம் நாள் இரவு அம்மா வாந்தி எடுத்தாள், நாக்கெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி கசக்குதுங்க, என்னால முடியாதுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் தாங்காது, பிரித்துப் பிரித்துத்தானே போடுகிறோம், அந்த நினைப்பில் நாலாம் நாளிலிருந்து காலையில் மட்டும் கொடுத்தேன். மொத்தம் இருபத்தைந்து நாள் ஓடியது. வாந்தி நின்றது, நான் கெட்டிக்காரன் என்று இருந்தேன். டாக்டர் குறைச்சிருக்காரு என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

நேற்று குறுவையில் இலைச்சுருட்டுப் புழு என்று பக்கத்து வயல் செல்லதுரை பாதி மருந்து கலந்து அடித்துக்கொண்டிருந்தான். அரைகுறையா அடிச்சா புழு சாவாதுடா, பழகிக்கும், அப்புறம் எதுக்கும் மசியாது என்று வரப்பில் நின்று ஏசினேன். நீ ஏன் பெருசு கத்துற, உன் வயலா என்றான். நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வயிற்றிலிருந்தது பயிர் இல்லையே மகளே, பூச்சியல்லவா. ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கை என் வீட்டில் மாற்றிப் போட்டுவிட்டேன். டெஸ்ட் பொய் சொல்லவில்லை, அம்மா உடம்பும் பொய் சொல்லவில்லை. அவளோ, என் உடம்பு வாகு அப்படி, உங்களை வீணா அலைய விட்டுட்டேன் என்று நேற்று இரவு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் இன்று இந்தக் கடைக்கு வந்தேன்.

தாத்தா இதையும் எழுதணுமா என்று தஹ்மீனா பேனாவை நிறுத்துகிறது. எழுதும்மா என்றேன்.

திங்கட்கிழமைக்கு முன் நீ டாக்டருக்குப் போன் போடு. எத்தனை நாள், எத்தனை வேளை என்று நான் சொன்னபடியே சொல். வேறு மாத்திரை வைத்து இன்னொரு தடவை பார்க்கலாமா, இல்லை நான் கிருமியைப் பழக்கிக் கெடுத்துவிட்டேனா என்று கேள். எந்தப் பதில் வந்தாலும் மறைக்காமல் சொல். எனக்குத் திட்டு வாங்கப் பயமில்லை, அவள் இல்லாத வீட்டுக்குத்தான் பயம்.

மாப்பிள்ளைக்கும் எல்வினுக்கும் என் ஆசீர்வாதம். மாதா உன்னைக் காப்பாளாக. அந்த ஊர்க் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் டியூட்டிக்குப் போகாதே. அம்மா காதில் விழக்கூடாது என்று மேலே சொன்னேன், அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், எனக்கு இருந்த பயம் உனக்குத் தெரியட்டும். டாக்டரிடம் நீ பேசு. அம்மாவிடம் இப்போது வீட்டுக்குப் போய் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆசீர்வாதம் (கைநாட்டு)