எட்டு தேசமும் ஒரு பொட்டும்

11 அக்டோபர் 2005
சுனாமி வந்து பத்து மாதம். அம்மாவாசையாகிய நான் சொல்கிறேன், மருமகள் துர்கா எழுதுகிறாள்.

தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு கருவி வந்திருக்கிறது. மிஷின் எவ்வளவு அதிர்கிறது என்று சொல்லுமாம். எட்டு தேசத்து ஆய்வகங்கள் இதையே ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, ஆட்டிப் பார்த்து, அடுத்தவருக்குத் தெரியாமல் அளவு எழுதி அனுப்ப வேண்டும். ஒத்துப்போனால்தான் மரியாதை. நடுவில் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று ஆயுத பூஜை. அளக்க வேண்டிய இஞ்சினியர் பூர்ணிமா ஊருக்குப் போய்விட்டாள். எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தேன். இதை மட்டும் விடுவதா என்றார் முதலாளி தெய்வசிகாமணி. மேலே ஏதோ எழுத்து இருந்தது. அதை மறைக்கக் கூடாதென்று புரட்டி, வழுவழுப்பான அடிப்பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்தேன். படிக்காதவன் எழுத்துக்குக் கொடுத்த மரியாதை. லேத்து கோவிந்தராசு மணி அடித்தான். பிறகு வேட்டி முனையால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

17 அக்டோபர்
பூர்ணிமா அளந்து முடித்தாள். பெட்டி அடுத்த தேசத்துக்குப் போயிற்று.

3 மார்ச் 2006
ரிப்போர்ட் வந்தது. எட்டு தேசமும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மெதுவாக ஆட்டினால் எங்கள் அளவு சரி, வேகமாக ஆட்டினால் தப்பு. அடிப்பக்கம் சுத்தமாக ஒட்டி உட்காராவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். எங்களுக்கு அடுத்து வாங்கியவர்கள், அடியில் உள்ள திருகுத் துளையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது, சுத்தம் செய்து அளந்தோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

"தாத்தா, நான் இல்லாதப்ப யாராச்சும் தொட்டீங்களா?" என்றாள் பூர்ணிமா.

முதலாளி என்னையே பார்த்தார். தெரியாதும்மா என்றேன்.

இதைச் சொன்னதும் துர்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்றேன்.

4 மார்ச்
சொல்லியிருக்கணும். ஏன் சொல்லல? எழுபது வயசுல வெளிய அனுப்பிட்டா எவன் வேலை குடுப்பான் — அதான். வேற ஒண்ணும் இல்ல.

10 மார்ச்
கவனக்குறைவு என்று கடிதம் கொடுத்து பூர்ணிமாவை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

1 அக்டோபர் 2006
ஆயுத பூஜை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் முதலாளி. வைத்தேன்.

22 ஜூன் 2009
பூர்ணிமா வீட்டுக்கு வந்தாள். சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அந்தப் பழைய கடிதம் குறுக்கே நிற்கிறது. அன்றைக்கு இருந்தவர் யாராவது நடந்ததை எழுதித் தர வேண்டுமாம்.

"இப்பவாச்சும் சொல்லுங்க தாத்தா. அந்த மஞ்சள் என்னா?"

"சந்தனம்மா. நான்தான் வச்சேன்."

"மூணு வருஷம் தாத்தா" என்றாள். திட்டியிருக்கலாம்.

துர்கா எழுதிப் படித்துக் காட்டினாள். எட்டு தேசத்துக் கணக்குக்கு விளக்கமாக என் கைநாட்டு! கீழே, பொட்டு வைத்ததைப் பார்த்தவர்கள் பெயரையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

தெய்வசிகாமணி, காலமாகிவிட்டார். கோவிந்தராசு, போன தை மாதம் காலமானார். உயிரோடு இருப்பவர், அம்மாவாசை.