மடைக்கல்லில் பச்சைப் பஞ்சு

திருவில்லிபுத்தூர்
10 பிப்ரவரி 1936, திங்கள்

கண்மாய்த் தண்ணீர் இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. மடைக்கல்லில் பச்சையாகப் படர்ந்திருந்ததைப் பாசி என்றே நினைத்திருந்தேன். இன்று விரலளவு பெயர்த்து வந்து பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடி ஊசிகள்! நூற்றுக்கணக்கில்! பாசியே இல்லை, பிராணி. கடற்பஞ்சின் உறவுக்காரி ஒருத்தி, கடலே இல்லாத ஊரில்!

பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் கடற்பஞ்சு வரைகிறேன். உயிரோடு ஒன்றையும் பார்த்ததில்லை. காலேஜில் காட்டியதும் ஜாடிக்குள் வெளுத்துக் கிடந்த பிணம்தான். அதன் சாம்பலைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார்கள் என்று ஒப்பிப்பேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உறவு.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் இப்படித் துள்ளலாமா? துள்ளலாம்.

12 பிப்ரவரி

ஜன்னலில் காயவைத்த பஞ்சுத் துண்டைக் காணோம். சமையல் செய்யும் இருளம்மாள் அதை வைத்துச் செம்புப் பாத்திரம் அத்தனையும் விளக்கி முடித்திருக்கிறாள்.

"எம்மா, புளி போட்டாக்கூட இம்புட்டுப் பளிச்சுனு வராது. இன்னுங் கொஞ்சம் கொண்டாங்க."

சாயங்காலம் இரண்டு கையையும் சொறிந்துகொண்டு வந்து நின்றாள். ஊசிகள்! தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

"நீங்க படிச்ச படிப்புக்கு என் கைதானா கெடச்சுது?"

சிரிக்கக் கூடாதுதான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சென்னையிலிருந்து பரிபூரணத்தின் கடிதம். என்னோடு படித்தவள், இப்போது அங்கே பிராணி ஆராய்ச்சியில் இருக்கிறாள்.

"ஏட்டி ஞானம், பாம்பன் பக்கத்துத் தீவில் கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா? மே மாதம் மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து ஆராய ஒரு மேஜை காலி. உன் பெயரைச் சொன்னேன். 'பாடம் நடத்துகிறவரா, கையால் வேலை செய்கிறவரா?' என்று அதிகாரி கேட்டார். காட்டிவிடு. உன் பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து தூளாக்கு. பிரிந்த உயிரணுக்கள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்து மறுபடி பஞ்சாகும். அதைப் பார்த்துப் படம் வரைந்து, குறிப்போடு மார்ச் முடிவதற்குள் அனுப்பு. அவை எப்படிச் சேர்கின்றன என்று தெரிந்தால் நம் உடம்பில் புண் ஆறுவதும் விளங்கும் என்கிறார் இங்கே ஒரு டாக்டர்."

தீவு! மூன்று வாரம்! சுற்றிலும் கடல்! கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை வேதக் கோயிலில், பிரசங்கத்தின் நடுவே. ஆண்டவர் மன்னிப்பார்.

29 பிப்ரவரி

ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய், நல்ல மெல்லிய மல் துணி ஒரு கெஜம் வாங்கிவந்தேன். வீட்டில் பழைய துணியும் இருக்கிறது. இருளம்மாள் விடவில்லை. "மொதக் காரியம்மா. கோடித் துணியிலதான் செய்யணும். தண்ணிகூடப் படக் கூடாது." எனக்கும் அது சரியாகப் பட்டது. புதுசு, சுத்தம்.

2 மார்ச்

பிழிந்தேன். ஆறு கிண்ணத்திலும் பச்சைக் கலங்கல். பத்து நிமிஷத்தில் அணுக்கள் ஊர்ந்து இரண்டிரண்டாக ஒட்டின. கண்ணால் பார்த்தேன்! வகுப்புக்கு ஓடிப்போய் 'சேருகிறது, சேருகிறது' என்றேன். எது என்று யாரும் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

4 மார்ச்

எல்லாம் செத்தது. ஆறு கிண்ணமும் புளித்த நாற்றம். மடையில் இருந்ததில் முக்கால்வாசி போய்விட்டது.

என்ன செய்தேன்? எங்கே தப்பு? கை ஓடலை. ஒண்ணுமே ஓடலை.

5 மார்ச்

புளித்த நாற்றம் — பஞ்சு அழுகினால் அப்படியா நாறும்? முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினை மல் துணியில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். கஞ்சி! நெசவுக்குப் போட்ட அரிசிக் கஞ்சியை அலசாமல் அப்படியே தண்ணீரில் கரைத்திருக்கிறேன். நூல் விறைக்கக் கஞ்சி போடுவது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பி.ஏ. படித்தவளுக்குத் தெரியவில்லை.

இருளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பழச்சோத்துத் தண்ணியிலயா வளத்தோம் அதுகள?" பிறகு இருவரும் சிரித்தோம், விலா நோக.

ஆனால் மடையின் நிழல் பக்கத்தில் உள்ளங்கை அளவு பஞ்சுதான் மிச்சம். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும்.

7 மார்ச், சனி

புது மல்லை எட்டுத் தடவை அலசியும் அயோடின் நீலம் காட்டுகிறது. பெட்டியில் இருந்த பழைய துணியெல்லாம் முரடு. பஜாரில் ஜவுளிக்கடை நைனா முகமது ராவுத்தரிடம் போனேன். கஞ்சி துளியும் இல்லாத, நூறு தடவை துவைத்த மல் வேண்டும் என்றேன்.

"டீச்சரம்மா, நான் புதுத்துணி விக்கிற கடை வச்சிருக்கேன்."

என் கண் அவர் தலைப்பாகையில் நின்றுவிட்டது. எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டேன்.

"இதா? பன்னெண்டு வருஷம். எதுக்குக் கேக்குறீக?" சொன்னேன். தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவிழ்த்தார். "என் தலையில ஒட்டாத படிப்பு, தலப்பாவுலயாவது ஒட்டட்டும். கொண்டு போங்க." கடை முழுக்கச் சிரிப்பு. வாயில்லா ஜீவனுக்குத்தானே என்று காசும் வாங்கவில்லை.

மடைக்குப் போய், மிச்சமிருந்ததைக் கல்லோடு பெயர்த்து வந்தேன். பிழிந்தாயிற்று.

9 மார்ச்

சேர்ந்திருக்கின்றன. கடுகளவு உருண்டைகள். மோந்து பார்த்தேன் — நாற்றமில்லை.

11 மார்ச்

உருண்டைகள் கண்ணாடியில் ஒட்டித் தட்டையாகின்றன. படம் ஏழு. இருளம்மாள் கிண்ணத்துப் பக்கம் வந்தாலே மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.

15 மார்ச், ஞாயிறு

காலையில், கரிப் பல்பொடியை நைசாக அரைத்து, ஒரு சிட்டிகை பஞ்சின் ஓரமாக விட்டேன். துகள்கள் உள்ளே போயின. பிறகு உச்சியில் ஒரு சின்ன வாய் திறந்து, கரித் தண்ணீரைப் பீச்சி அடித்தது! மறுபடி! மறுபடி! தூளாகக் கிடந்தது மூச்சு விடுகிறது.

"இருளம்மா!" என்று கத்தினேன். ஓடிவந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "அடி ஆத்தி! புகை விடுதம்மா, ரயிலு கணக்கா!"

கோயிலுக்கு இருவரும் போகவில்லை. அவள் என்றைக்கும் போனதில்லை.

18 மார்ச்

இருபத்தாறு படம், பதினோரு பக்கம். ரிஜிஸ்டர் தபால். கஞ்சிக் கதையையும் மறைக்காமல் எழுதினேன். சரியா?

4 ஏப்ரல்

தபால் இல்லை.

8 ஏப்ரல்

தபால் இல்லை. கேட்டால் தபால்காரர் கோபித்துக்கொள்கிறார்.

16 ஏப்ரல்

வந்தது. கஞ்சிப் பக்கத்தை அதிகாரி இரண்டு தடவை படித்தாராம், பரிபூரணம் எழுதுகிறாள். 'இவர் கையால் வேலை செய்கிறவர்' என்றாராம். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் மாவரைத்த ஈர ஆட்டுக்கல்.

6 மே, புதன்
தீவு

எழுத நேரமில்லை. பத்தேகாலுக்குக் கடல் வற்றும், பாறைகள் இப்போதே வெளியே தெரிகின்றன. ஆரஞ்சு, ஊதா, கருஞ்சிவப்பு. படகுக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.