முதல் அடியிலேயே வெடிக்க வேண்டும்

ஜன. 4, ஞாயிறு
காலையில் நல்ல பனி. ஆவடி மைதானத்துப் புல்லில் செருப்பெல்லாம் ஈரம். அடுத்த ஞாயிறு குவார்ட்டர்ஸ் விளையாட்டு விழா. ஓட்டங்களுக்கு வெடி கொடுப்பது இந்த வருடமும் நான்தான். அதே பழைய துப்பாக்கி. வாய்வழியே ஒரு சிட்டிகை வெடிமருந்து, மேலே காகிதம். பின்னால் முனையில் குட்டித் தொப்பி மாதிரி ஒரு செப்புக் கேப்; விசையை இழுத்தால் சுத்தி அதை அடித்து வெடிக்க வைக்கும். குண்டு கிடையாது. சத்தமும் புகையும் மட்டும்.

பத்து முறை அடித்துப் பார்த்தேன். நான்கு முறை வெறும் ‘டிக்’.

விழாச் செயலாளர் தனசேகர் சிரிக்கிறார். “இன்னாத்துக்கு மெஹரு இந்த ரோதன? ஒரு விசில் ஊதிட்டுப் போவியா!”

விசில் ஊதினால் கலாவுக்கு? நாற்பது தாண்டிய பெண்களுக்கான நூறு மீட்டரில் ஓடுகிறாள். பிறவியிலேயே காது கேட்காது. புகையைப் பார்த்துத்தான் கிளம்பணும். போன வருடம் கேப் வெடிக்காமல் விசிலுக்கு மாறினோம். பக்கத்தில் நின்றவள் காலைப் பார்த்துக் கிளம்பிக் கடைசியாக வந்தாள். கொடியும் விசிலுமாகச் செய்து பார்த்தோம், ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது.

வாங்க: பூண்டு, பெரிய ஊசி, சோப்பு.

ஜன. 5, திங்கள்
பாடி சிக்னலில் பஸ் நகரவே இல்லை. வேலைக்கு லேட்.
சாயங்காலம் மைதானம். புதுப் பெட்டி கேப். அதே கதை. ஊசியால் முனைத் துளையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். இன்னும் பத்துக்கு மூன்று வெடிக்காமல் போகிறது. ஆனால் தவறிய கேப் எல்லாம் இரண்டாம் அடியில் வெடிக்கிறது! ஏன்?

ஜன. 7, புதன்
பல் தேய்க்கும்போது பிடிபட்டது. கேப் அடிவரை உட்காரவில்லை. முதல் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அடி வாங்கி வாங்கி முனை தடித்திருக்கிறது. கம்பெனியில் நாள் முழுக்க ஸ்பிரிங் அளக்கிறவள், இதை அளக்கத் தோன்றவில்லையே!

அரை நாள் பர்மிஷன். முனையை மட்டும் கழற்றிக்கொண்டு மண்ணூர்பேட்டை. லேத் பட்டறை பாபு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இன்னாக்கா இது, கொசு மூக்காட்டம் கீது?” மயிரிழை அளவு சீவினார். பந்தயம் பார்க்கத் தானும் வருவாராம்.

சாயங்காலம் இருபதுக்கு இருபது. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். சமைக்கவில்லை. பிரியாணி.

ஜன. 10, சனி
மேகமூட்டம். புகை நிச்சயம் என்று கலாவுக்கு மெசேஜ். பதில்: “நீங்க சுட்டா போதும்க்கா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

ஜன. 11, ஞாயிறு
வெயில்! நல்ல கூட்டம். தனசேகர் கழுத்தில் விசில். “வெடிக்கலன்னா ஊதிடுவேன், சொல்ட்டேன்.”

கேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தேன். கோட்டில் கலா, கண் முழுக்க என் கைமேல்.

டமார். வெள்ளைப் புகை. எல்லோரோடும் ஒன்றாகக் கிளம்பினாள்! மூன்றாவது வந்தாள். பாபு துள்ளியதில் அவர் செருப்பு ஒன்று காணாமல் போனது. தனசேகர் விசிலை ஊதியே விட்டார், சந்தோஷத்தில்.

கடைசியாக ஆண்கள் ஓட்டம். மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். கலா வந்தாள். தொடட்டுமா என்று சைகை. என் தோளில் கை வைத்துக்கொண்டாள். சுட்டேன். அதிர்வு அவள் கைக்குப் போயிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தாள், மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் குரலை இன்றுதான் கேட்டேன்.

இன்னொன்று என்று விரலைக் காட்டினாள். ஓட்டம் எல்லாம் முடிந்திருந்தது. மருந்து கொஞ்சம் மிச்சம். சுட்டேன்.