பேசுகிறவனுக்கு முதல் முறை

முதல் நாள், காலை 6.10

தூத்துக்குடித் துறைமுகத்தைக் கடல் விழுங்கி, புதியதை மேட்டில் கட்டினார்களே, அந்த வருஷம். மணப்பாட்டுக்காரர்கள் ஊரோடு உள்நாட்டுக்குக் குடிபோனதும் அதே வருஷம்தான். செவ்வாய்க் கிரகத்தில் எங்கள் பனிச்சுரங்கம் நேற்று இடிந்தது.

நான் சமையல்காரன் சூசை. எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், சுரங்கத்தை நடத்தும் எந்திரம் எழுதுகிறது. கண்டெடுப்பவர் படித்துக்கொள்ளட்டும்.

மேஸ்திரி கனகு, வெல்டர் இஸ்மாயில், என் மகள் மெற்றில்டா மூவருக்கும் பலத்த அடி. உறக்கப் பெட்டிகளில் கிடத்தியிருக்கிறேன். அவர்கள் நெஞ்சை அதே எந்திரம்தான் துடிக்க வைக்கிறது. அதன் மூளையாக இருந்த நான்கு செயலிகளில் மூன்று நசுங்கிவிட்டன. மிஞ்சிய ஒன்று எல்லா வேலையையும் முறை வைத்துப் பார்க்கிறது. கனகுவைக் கண்ணிமைக்கும் நேரம் கவனித்துவிட்டு இஸ்மாயிலிடம் தாவும், பிறகு மெற்றில்டா, பிறகு நான் மூச்சுவிடும் காற்று. பழைய துறைமுகத்தில் ஒரே கிரேன் பத்துத் தோணிக்கும் மாறி மாறிச் சரக்கு இறக்கிய மாதிரி.

பூமியிலிருந்து எஞ்சினியர் தமயந்தி: “தாத்தா, மீட்புக் கப்பல் கிளம்பிருச்சு. வர ரெண்டு மாசம் ஆகும். தனியா இருக்கீங்க, வாயை மூடாதீங்க. மனசுல வர்றதையெல்லாம் பதிவுல சொல்லுங்க.”

பதிவை மூடும்போது உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்வது இங்கே வழக்கம். கனகு, இஸ்மாயில், மெற்றில்டா, நான்.

மறுநாள், மாலை 4.30

காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பத்துத் தோணியின் பெயரும், ஓட்டிய தண்டல்களின் பெயரும், யார் எந்தப் புயலில் போனார்கள் என்பதும் எனக்கு அப்படியே ஞாபகம். ஏழாவது தோணிக்கு வந்தபோது கனகுவின் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஓடிப் பார்த்தேன். முடிந்துவிட்டது.

இடிவதற்குச் சற்று முன்புதான் ரேடியோவில் என்னை வம்புக்கு இழுத்தான்: “யோவ் சூசை, உம்ம சாம்பாரும் பேச்சும் ஒண்ணுய்யா. ரெண்டுலயும் தண்ணி ஜாஸ்தி.”

இஸ்மாயில், மெற்றில்டா, நான்.

மூன்றாம் நாள், காலை 9.00

கனகுவுக்காகச் சத்தமாக ஜெபம் சொன்னேன், பதிவில்தான். நீளமான ஜெபம். முடிப்பதற்குள் இஸ்மாயில் போய்விட்டான்.

தமயந்தி: “தாத்தா, பேச்ச நிறுத்துங்க! மனுசங்க பேசுனா எந்திரம் மத்ததையெல்லாம் அப்படியே போட்டுட்டு அதைத்தான் கேக்கும். பேசுறவங்க காத்திருக்கக் கூடாதுன்னு நாங்கதான் அப்படி வச்சோம். நாலு செயலி இருந்தப்ப ஒண்ணும் தெரியல. இப்ப நீங்க பேசப் பேசப் பெட்டிகளுக்கு முறையே வரல. இங்கருந்து அதை மாத்தவும் முடியல. நான்தான் உங்களைப் பேசச் சொன்னேன், தாத்தா.”

துறைமுகத்தில் அதிகாரி வந்து பேச்சுக் கொடுத்தால் கிரேன்காரன் நெம்புகோலை விட்டுவிட்டுக் கைகட்டி நிற்பான். பத்துத் தோணியும் வெயிலில் கிடக்கும். இங்கே நான்தான் அந்த அதிகாரி.

மெற்றில்டா, நான்.

எத்தனையாவது நாளோ

அன்றைக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தும்மல் வந்தாலும் துணியை வைத்து அடக்கினேன்.

இடிந்தபோது சுவரில் விழுந்த விரிசலில் காற்றுக் கசிவு பெரிதாகிவிட்டது. காற்று வால்வை எந்திரம் ஓயாமல் திருப்ப வேண்டியிருக்கிறது. பேச்சுக்கு அடுத்தபடி காற்றுக்குத்தான் முறை. மகளின் பெட்டி மறுபடி பின்னுக்குப் போகிறது. சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

தமயந்தி: “வேற வழி பாக்குறோம் தாத்தா. அந்த வால்வைத் தொட்டுறாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

பாவம், நல்ல பிள்ளை. ஆனால் பெட்டிக்குள் என் மகளுக்குக் காற்று தனியாக இருக்கிறது. இந்தக் காற்று எனக்கு மட்டும்தான்.

வால்வை அடைத்துவிட்டேன்.

விளக்கு இன்னும் மினுக்குகிறது. கப்பல் வர ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை தாங்குவாளா, தெரியாது. தாங்கினால் மெதுவாக எழுப்புங்கள். அவசரப்படுத்தினால் கத்துவாள். அப்பன் எங்கே என்று

வேண்டாம். நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவள் முறை.

மூடுகிறேன். உயிரோடு இருப்பவர்: மெற்றில்டா.