நாற்காலிக்கு நான் சொன்ன வேலைகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி கிளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பாய். இது போனில் சொல்ல முடியாத விஷயம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சிரி. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எங்கள் வீட்டு ஒட்டடையெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, வந்தால் போனால் அதையே சொல்லிக் காட்டுகிறார். கொடுக்கறதுக்குக்கூடவா அண்ணி பள்ளிக்கூடம் வச்சு நடத்தறீங்க என்கிற பழைய கிண்டலையும் அவர் விட்டபாடில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து விஷயம்தான். பிறருக்கு எப்படிக் கொடுப்பது என்று பிள்ளைகளுக்கும் பணக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்கள் வேறு ஏதாவது தொழிலில் அடிபட்டு வந்திருக்க வேண்டும் என்பது ஆரம்பித்தவரின் பிடிவாதம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் இயக்குநரம்மா ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர். கணக்குப் பார்க்கிறவர் தீப்பிடித்த கட்டடங்களுக்குப் போய் இழப்பை மதிப்பிட்ட இன்சூரன்ஸ்காரர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை வைத்தே ஆளைச் சொன்னவள். ஒரு நாற்காலி காலியானால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் அதை நடுவில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து, வரப்போகிறவர் என்ன வேலையெல்லாம் பார்த்தவராக இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்றாக வாய்விட்டுச் சொல்லுவோம். வேண்டுதல் மாதிரிதான், எழுதி வைப்பது கிடையாது. பயிற்சிப் பிரிவுக்கு ஆள் தேடினபோது என் முறை வந்தது. நான் உன்னைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, நீ பார்த்த வேலைகளைச் சொன்னேன். கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு வாயில்லாத ஜீவனின் வலி எங்கே என்று தேடத் தெரியும் என்றேன். அப்புறம் வரைபடம் போடுகிற ஆபீஸ், அப்புறம் சிறையில் பாடம் எடுத்தது, வாங்கிக்கொள்கிறவனுக்கும் ரோஷம் உண்டு என்று அங்கேதான் தெரியும் என்றேன். கடைசியில் கப்பல் கம்பெனியில் புகார் கேட்கிற மேசை. இப்படி ஒரு கதம்பம் உலகத்திலேயே கிடையாது என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ திரும்பி வரமாட்டாயா என்கிற நப்பாசையில் சொன்னேன் கண்ணு, வேறு ஒன்றுமில்லை.

விளம்பரத்தில் இதில் ஒரு வார்த்தைகூடப் போகவில்லை, பயிற்சிப் பிரிவுக்கு அனுபவமுள்ளவர் தேவை என்று மட்டும்தான் போட்டார்கள். வந்தவள் உன் வயசுக்காரி. முகம் உன் முகம் இல்லை, உன்னைவிட உயரம், கண்ணாடி போட்டிருக்கிறாள். பார்த்த வேலைகளைச் சொல்லும்மா என்று டாக்டரம்மா கேட்டதும், கால்நடை ஆஸ்பத்திரி, வரைபடம், சிறை, கப்பல் கம்பெனி என்று நான் சொன்ன அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனாள். இன்சூரன்ஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. உனக்குத் தெரிஞ்ச பொண்ணா என்று டாக்டரம்மா என் காதில் கேட்டார். அதற்குள் அவள், சிறையில் ஒருத்தன் எழுதவே மாட்டான், கொடுத்த தாளையெல்லாம் மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான், ஏன்டா என்று கேட்டால் இது என்னுதுதானே டீச்சர் என்பான் என்று ஆரம்பித்தாள். நீ எனக்குச் சொன்ன கதை, டீச்சர் என்கிற இடத்தில் நீ நிறுத்துகிற மாதிரியே நிறுத்தினாள். குரலும் நீதான். எத்தனை குரலைக் கேட்டவள் நான், எனக்குத் தப்பாது.

நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன், வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நடையில் ஆடுகிற டைல்ஸ் இருக்கிறதே, அதைக் குனிந்து பார்க்காமலே தாண்டி வந்தாள். கதவைத் திறந்த அப்பா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வந்துட்டியாம்மா என்றார். யாரென்றே கேட்கவில்லை. அவள் போனபிறகு, இவ யாருன்னு நினைச்சீங்க என்று சண்டைக்குப் போனேன். யாரா இருந்தா என்ன, நம்ம பொண்ணு பார்த்த வேலையெல்லாம் பார்த்திருக்கா, நம்ம பொண்ணு மாதிரி பேசறா, பக்கத்துல உக்காந்து சாப்பிடறா என்றார். அதைக் கேட்டபிறகு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை குட்டிம்மா, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை அவளுக்கே கிடைத்தது, அடிக்கடி வீட்டுக்கும் வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன், நீ புது மேலாளர் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். அவள் உதடு அசைந்தது. சத்தமில்லை. நீ சொல்கிற வார்த்தைகளைத்தான் சொன்னாள், உனக்கு ஒரு வார்த்தை முன்னால். நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன், லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். கப்பை வைத்துவிட்டு அவள், அம்மா நீங்க வேலையைத் தவிர வேற எதையும் கேக்கறதே இல்லையே என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, வருத்தமாகத்தான் கேட்டாள்.

அவளைச் சோதித்துப் பார்க்கலாம் என்று யோசித்தேன். உனக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்டு மடக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. நீ எங்கே வேலை பார்த்தாய், எதற்காக விட்டாய், எல்லாம் வரிசையாக வருகிறது, வேறு எதுவும் வரவில்லை. கடைசியில் பதில் தெரியாமலே கேட்டேன். யாரை நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறாய் என்று ஒன்று. எங்கள்மேல் உனக்கு என்ன கோபம் என்று இன்னொன்று. தயங்காமல் பதில் சொன்னாள். இரண்டாவதைக் கேட்டு அவள் முன்னாலேயே அழுதேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் விடவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அந்த இரண்டையும் இப்போது உன்னிடம் கேட்கிறேன். உன் பதிலும் அதுவேதான் என்றால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். வேறு என்றால், உன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று எனக்குக் கிடைத்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டில் இருந்துவிடுவேன். அம்மா மனசு கஷ்டப்படும் என்று பூசி மெழுகாதே. எவ்வளவு கோபமோ அவ்வளவையும் எழுது.

நன்றாக இரு கண்ணு, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். பதிலை உன் கையால் எழுதி வீட்டுக்கு அனுப்பு, போனில் மட்டும் சொல்லாதே, அவள் உனக்கு முன்னால் சொல்லிவிடுவாள். சீக்கிரம் எழுது. உன் அறைச் சாவி என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது, நான் அவளுக்குக் கொடுப்பதாக இல்லை. அவள் கேட்கவில்லை. அப்பாதான் தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
உனக்கு மட்டும் அம்மா