குங்குமம் வைத்த பக்கம்

ஏப்ரல் 16, புதன்

எமர்ஜென்சி போட்ட வருஷம், எங்கள் வெள்ளை மாடு கிணற்றில் விழுந்து மூன்றாம் நாள், இந்த வண்டி முதலாளி வீட்டுக்கு வந்தது. சிவப்பு. இரண்டே சீட்டு. சீமையில் பந்தயம் ஓடின ஜாதி என்று முதலாளி பரசுராமன் சொன்னார். அவர் ஓட்டுவார், நான் துடைப்பேன். இன்றுவரை துடைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு, ஆனால் நாள் கிழமை மறக்காது. இப்போது நான் பேசுவதை போன் எழுதிக்கொள்கிறது. என் மருமகள் கவியா எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.

முதலாளி மகன் பிரசாத் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அம்மாவை ஒரேயடியாக அங்கே கூட்டிப் போகிறாராம். போவதற்குள் இந்த வண்டியில் ஒரு தடவை அண்ணாமலையைச் சுற்ற வேண்டும் என்று அம்மா, ஜோதியம்மாள், கேட்டுவிட்டார். முதலாளி இருந்த காலம் முழுக்க அந்த இரண்டாவது சீட்டில் நெல் வியாபாரிகள் உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை.

அம்மாவுக்கு வெயிலே ஆகாது என்கிறார் டாக்டர். வண்டிக்குள்ளோ அடுப்பு. ஆகவே ஏசி.

ஏப்ரல் 21

வேங்கிக்காலில் கார் ஏசி வேலை பார்க்கும் இளஞ்செழியன் வந்தான். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். "இதுக்குள்ள எலி பூந்தாலே இடிக்கும் பெரியவரே, கம்ப்ரசரை எங்க வெக்கிறது?"

முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26

வைத்துவிட்டான். இரும்புப் பட்டை வெட்டி, என்ஜினுக்குப் பக்கத்தில் கம்ப்ரசரைத் தொங்கவிட்டான். கூலிங் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே. அம்மாவுக்கு முட்டி இடிக்குமோ என்று நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அந்த சீட்டில் நானும் இன்றுதான் உட்காருகிறேன். இடிக்கவில்லை.

ஏப்ரல் 29

புகை.

ஏப்ரல் 30

பேட்டரி சீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை நான் பூசின சந்தனத்தில் அதன் ப்ளஸ், மைனஸ் குறியெல்லாம் மூடிப்போயிருந்தது. ஒயர் மாட்டுகிற இரண்டு தலையில் ஒன்றுக்கு மட்டும் குங்குமம். நேற்று ஒயர் மாட்டும்போது இளஞ்செழியன் கேட்டான், "குங்குமம் வெச்சதுதானே ப்ளஸ்ஸு?" ஆமாம் என்றேன். மாட்டினான். ஏசியின் கன்ட்ரோல் பெட்டி கருகிப்போனது.

வேலை தெரியாதவன் என்று பிரசாத் அவனைத் திட்டி அனுப்பிவிட்டார். இனி நாள் இல்லை, விட்டுடலாம்மா என்றார். அம்மா "சரிப்பா" என்று உள்ளே போய்விட்டார்.

மே 1

அந்தப் பையன் மேல தப்பு இல்லை.

வண்டி வந்தப்போ பேட்டரியோட ப்ளஸ்தான் வண்டி பாடியில மாட்டியிருந்தது. அப்போ வண்டி வேலை பார்த்த சக்திவேல் மேஸ்திரி சொன்னார், பாடிக்குப் போவுற தலைக்கு ஒரு பொட்டு வெச்சுடு, படிக்கத் தெரியலைன்னா என்னன்னு. வெச்சேன். அப்புறம் டேப் ரெக்கார்டர் மாட்டினார். தை அமாவாசைக்கு மறுநாள். அதுக்காகத் தலையை மாத்தி, மைனஸை பாடிக்குக் கொண்டாந்துட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன். நின்னும், பாடிப் பக்கமே பொட்டு வெச்சுக்கினு வந்திருக்கேன். அது இப்போ மைனஸ்.

அமாவாசை ஞாபகம் இருக்கு. மாத்தினது மட்டும் ஏன் வாய்க்கு வரலை?

சொன்னா வண்டிச் சாவியைப் புடுங்கிடுவாங்க. சொல்லலைன்னா — அம்மா அப்படியே போயிடுவாங்க.

மே 2

சொன்னேன். "அப்பா இருந்திருந்தா உன்னை..." என்றார் பிரசாத். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இளஞ்செழியனுக்கு போன் போட்டார்.

சாயங்காலமே வந்துவிட்டான். முறைப்பான் என்று நினைத்தேன். "மீட்டர் வெச்சுப் பாக்காம குங்குமத்தைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அவனே தலையில் தட்டிக்கொண்டான். வேறு பெட்டி வேலூரில் கிடைக்குமாம்.

மே 6

ஜில்லென்று காற்று வருகிறது. சீட்டுத் தோல்கூட ஜில்லிட்டுப் போச்சு.

மே 8, வியாழன்

நான்கு நாளில் சித்ரா பௌர்ணமி. மலைப்பாதை முழுக்கப் பந்தல் போடுகிறார்கள், வண்டி விடுவது இன்று நாளைதான். அக்னி வெயில் அடங்காத சாயங்காலம், பிரசாத் ஓட்ட, பக்கத்தில் அம்மா. எனக்கு இடமில்லை. முன்னாடியே பஸ்ஸில் போய் அடி அண்ணாமலையில் நின்றுகொண்டேன்.

வண்டி வந்தது. பார்த்தால் அம்மா பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கிக் கிடக்கிறது.

"கண்ணாடியை ஏத்துங்கம்மா, ஏசி காத்தெல்லாம் வீணாப் போவுது."

"ஏத்தினா மலை கறுப்பாத் தெரியுது சின்னசாமி. நீ சும்மா இரு."

வெயிலுக்கு ஒட்டின கறுப்பு ஃபிலிம் அது. பிரசாத் என்னைப் பார்த்தார். "இதுக்குத்தாண்ணா இவ்ளோ பாடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அம்மா காலில் செருப்பு இல்லை. நடந்து சுற்றுகிறவர்கள் மாதிரி, வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார்.

மே 9

போயிட்டாங்க. சாவியைக் கவியாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம் அம்மா. எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

அக்டோபர் 1, ஆயுதபூஜை

கூப்பிடாமலே இளஞ்செழியன் வந்தான். பேட்டரியில் இருந்த சந்தனத்தைச் சுரண்டி, இரண்டு தலைக்கும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் குறி போட்டான். குறுக்கும் நெடுக்கும் கோடு என்றால் ப்ளஸ். ஒற்றைக் கோடு மைனஸ். இந்த இரண்டும் இப்போது எனக்குப் படிக்க வரும். குங்குமத்தை ப்ளஸ்ஸில் வைத்தேன்.

ஷெட் சுவரில், வண்டி வந்த அன்று எடுத்த போட்டோ மாட்டியிருக்கிறது. யார் யாரென்று கேட்டான். விரல் வைத்துச் சொன்னேன். இவர் முதலாளி, மாரடைப்பில் போனார். இவர் சக்திவேல் மேஸ்திரி, அதற்கு அடுத்த வருஷம். நடுவில் அம்மா, போன மாசம், ஆவணியில், பெங்களூரில். ஓரமாகத் துடைக்கிற துணியோடு நிற்கிறவன்தான் இருக்கிறான். சின்னசாமி.