உச்சிப்புளிப் பனங்கூட்டத்தில் நிற்கும் வண்டி

வண்டியையும் அக்காவையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போன என் சூசை மச்சானுக்கு,

ராயப்பு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைச் சுற்றும்போது ஹேண்டில் திருப்பி அடித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. உங்கள் பெண்டாட்டி, என் கூடப்பிறந்தவள், விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றியிருக்கிறாள். உடம்பெல்லாம் அலுத்துக் கிடக்கிறது மச்சான். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயந்து உட்கார்ந்தே எழுதுகிறேன்.

உங்கள் ஆத்துமாவுக்கான மாதப் பூசை நல்லபடியாக நடந்தது. உங்கள் பெயரை வாசிக்கிற இடத்தில் சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. பெயரைச் சொல்லவிடாமல் நீங்கள்தான் தடுத்தீர்கள் என்று அக்கா அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள். இப்போது எதற்கெடுத்தாலும் அப்படித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், சோறு தட்டிலேயே காய்ந்துபோகும்.

காரணம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் காய்ச்சலில் விழுவதற்கு முன் நடந்த அந்தச் சண்டைதான். பெட்ரோலில் மழைத் தண்ணீர் இறங்கி, வண்டி ஓடாமல் வாசலில் நின்றது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஊர்ப் படகுல உள்ள ஓட்டையெல்லாம் அடைக்கத் தெரியுது, சொந்த வண்டியில உள்ள ஓட்டைய அடைக்கத் தெரியல. இதையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்றாள். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கொட்டுகிற மழையில் எழுந்து வண்டிப் பக்கம் போனீர்கள். பொழுது சாயத்தான் உள்ளே வந்தீர்கள், வந்ததும் குளிர் கண்டு படுத்தீர்கள். அதற்குப் பிறகு நினைவோடு அவளிடம் பேசவே இல்லை.

அவ்வளவு நேரம் மழையில் என்னதான் செய்தீர்கள்? கோபித்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? அக்கா தினமும் கேட்பது இதைத்தான்.

உங்களை ரயிலில் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பும்போது உயிரில்லாத உங்களை வண்டியில்தான் கொண்டுவர முடிந்தது. நான்தான் வீட்டுக்கு வந்து டாங்கியைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டி வந்தேன். நடுவழியில், உச்சிப்புளிப் பனங்கூட்டத்துக்கு வந்ததும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. நான் கை ஓய்ந்துபோனேன். உள்ளே அக்கா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வர மனசில்லையா? வாங்க, இனிமே ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று அழுதாள். நான் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினேன். உடனே பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான். நீங்கள் கோபமாகப் போய்விட்டீர்கள், கெஞ்சினால்தான் வருவீர்கள் என்று அக்கா மனதில் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

பூசை முடிந்த மறுநாள் நான் வண்டியை எடுத்தேன். நீங்கள் பார்த்த அதே வேலை. பாம்பனிலிருந்து படகில் வருகிற மீனை மண்டபத்தில் ஏற்றி இராமநாதபுரத்தில் இறக்க வேண்டும். அதே பனங்கூட்டம், அதே இருமல், நின்றுவிட்டது. மறுநாளும் அங்கேதான். ஒரு வண்டிச் சூடை மீன் வெயிலில் கெட்டு, பனங்காட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. "சூசை நிறுத்துறாப்புல" என்று மண்டபத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது அக்கா காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

நான் சும்மா இருக்கவில்லை மச்சான். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துச் சுற்றினால் பொறி நீலமாக, கண்ணைப் பறிக்கிறது. அப்படியும் உப்புக்காற்றில் பொறி கொடுக்கிற பாயிண்ட் பூத்திருக்குமோ என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கார்பரேட்டரைத் திறந்தால் கிண்ணத்தில் சொட்டு இல்லை. டாங்கியிலோ பெட்ரோல் தளும்புகிறது. அப்படியானால் நடுவில் எங்கோ அடைப்பு. குழாயை ஊதினேன், சுத்தமாக இருந்தது. பெட்ரோல் இழுக்கிற பம்பைப் பிரித்து உள்ளே இருக்கும் தோலை மாற்றினேன். வாயெல்லாம் பெட்ரோல், இரண்டு நாள் காப்பி ருசிக்கவில்லை. அப்புறமும் பனங்கூட்டத்தில் நின்றது.

இராமநாதபுரத்து மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், மூடினார், சுற்றினார், பிடித்துக்கொண்டது. "வண்டியில ஒண்ணுமில்ல தம்பி, ஓட்டுற ஆளுதான் சரியில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்தால் அக்கா, "இரும்புக்குப் போட்டுரு தம்பி. அவுகளுக்கு நாம அதைத் தொடுறது பிடிக்கல" என்கிறாள். விற்றுவிட்டால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் விற்ற பிறகு அவள் அந்த எண்ணத்தோடேயே அல்லவா சாக வேண்டும்?

அதனால் முந்தாநாள் மீன் ஏற்றாமல் அவளையே முன்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். பனங்கூட்டத்தில் வழக்கம்போல நின்றது. அவள் இறங்கி முந்தானையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து டாங்கிக்குப் பக்கத்தில் ஏற்றப் போனாள். "அக்கா, ரெண்டு பேரும் மச்சான்கிட்டயே போயிருவோம், அணை அதை!" என்று கத்தினேன். நெருப்புக்குப் பயந்துதான், தள்ளிப் போய் ஏற்றச் சொல்லிவிட்டு, மூடி சரியாக இருக்கிறதா என்று தளர்த்தித் திருகினேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளியே வருகிற சத்தமில்லை, காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். சுற்றினேன், பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி பிடித்திருக்கிறது. மெக்கானிக் செய்ததும் அதையேதான். மூடியை இறுக்கிக்கொண்டு இராமநாதபுரம் வழியில் வெகுதூரம் போய்த் திரும்பி வந்தேன். மறுபடி நின்றது. திறக்காமல் சுற்றினேன், பிடிக்கவில்லை. திறந்தேன், பிடித்தது. உங்களைக் கூட்டிவரப் போன அன்றைக்குப் போகும்போது ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. உச்சிப்புளியில் இறங்கிப் பெட்ரோல் ஊற்றினேனே, மூடியைத் திறந்தேனே! மண்டபத்தில் நம் வீட்டிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பனங்கூட்டம் பாதி வழி. அதற்குள் டாங்கிக்கு மூச்சு முட்டிவிடுகிறது.

டாங்கி மூச்சு விடுவதற்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். பெட்ரோல் போகப் போக அந்த வழியாகத்தான் காற்று உள்ளே இறங்கும். அன்றைக்கு மழைத் தண்ணீர் இறங்கியதும் அதே வழிதான். அது அடைபட்டால் பெட்ரோல் நகராது. மூடியைத் துடைத்துப் பார்த்தேன். மீன் செதிலும் புழுதியும் என்று நான் நினைத்திருந்தது அழுக்கே இல்லை. பஞ்சுத் திரி வைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றிய கலப்பத்து. படகுப் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைப்பீர்களே, அதே வேலை. மச்சான், படகுக்காரன் புத்தி உங்களை விட்டுப் போகவே இல்லையே! ஓட்டை என்று கண்டால் அடைத்துவிட வேண்டுமா?

அக்கா மூடியை என் கையிலிருந்து வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். அடைப்பு முடிந்ததும் கடைசியில் நகத்தால் ஒரு சிலுவை கீறுவீர்களே, அது இருந்தது. சின்னதாக, நேராக.

பிறகு என்னிடம் கேட்டாள்: "ஏந்தம்பி, கோவிச்சுக்கிட்டுப் போன மனுசன் சிலுவை கீறுவாரா?"

"கீறமாட்டாரு அக்கா. நீதான் ஓட்டைய அடைக்கச் சொன்ன. அடைச்சுட்டுப் போயிருக்காரு."

அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து ஒரு தட்டுச் சோறு, மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். கலப்பத்தைச் சுரண்டி எடுக்க அவள் விடவில்லை. மூடியை வண்டியிலிருந்து எடுத்துவந்து, கோணி ஊசியைக் காய்ச்சி, சிலுவைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை மட்டும் போட்டேன்.

நேற்று மீன் ஏற்றிக்கொண்டு போனேன். அக்காவும் வந்தாள். பனங்கூட்டம் வந்தது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அக்காதான் நிறுத்தச் சொன்னாள். இறங்கி, பனைகளைப் பார்த்து, அடுப்படியிலிருந்து வாசலில் இருக்கும் உங்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அடைச்சதைப் பாத்துட்டேங்க. நல்லா இருக்கு. வாங்க, போவம்."

வண்டியை விற்கப்போவதில்லை மச்சான். மழை வந்தால் மூடியின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறேன், தண்ணீர் இறங்காது, காற்றும் தடைபடாது. உங்கள் சிலுவையில் என் கை படாது. அக்காவைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் வாயையும் பொறுத்துக்கொள்கிறேன். நீங்கள் பொறுத்ததைவிடவா?

கை வலியோடும், இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையோடும்,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி, உங்கள் மைத்துனன்
ராயப்பு